சேவைக் கட்டணமா, கூடுதல் ஊதியமா?

புது தில்லி: உணவக ஊழியருக்குக் கூடுதல் ஊதியம் தர வேண்டியவர் உரிமையாளரா, வாடிக்கையாளரா? சேவைக் கட்டண வழக்கின் அடிப்படையில் இருப்பது இக்கேள்விதான்.

பில் தொகையில் சேர்க்கப்படும் சேவைக் கட்டணம் ஊழியர்களுக்கே பயன்படுகிறது என்பது உணவக உரிமையாளர்களின் வாதம். ஊழியர்களுக்கு அதிகம் தர விரும்பினால் உணவின் விலையை உயர்த்திக் கொள்ளலாம், அதற்குக் கட்டுப்பாடு ஏதுமில்லை என 2022 ஜூனில் பதிலளித்தார் மத்திய அமைச்சர் பீயூஷ் கோயல். ஜூலை 4-ல் கட்டாய வசூலுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. இதை எதிர்த்து உணவகச் சங்கங்கள் தொடர்ந்த வழக்கை 2025 மார்ச் 28-ல் தில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சங்கங்கள் மேல்முறையீடு செய்தன.

அமைச்சர் சொன்ன வழியை நியூயார்க் உணவக அதிபர் டேனி மேயர் முன்பே முயன்றார். 'டிப்ஸ்' முறையை ஒழித்து, விலையையும் ஊதியத்தையும் உயர்த்தும் திட்டத்தை 2015-ல் அறிவித்தார். பரிமாறுபவருக்குக் கிடைப்பதில் சமையலறை ஊழியருக்குப் பங்கில்லை என்பதே அவரது கவலை. ஆனால் கரோனா காலத்தில், 2020-ல், அத்திட்டத்தைக் கைவிட்டார். ஒருவர் மட்டும் விலையை உயர்த்தினால், பக்கத்து உணவகம் மலிவாகத் தோன்றும் என்பதே இம்முறையின் இடர்ப்பாடு.

எனினும், சேவைக் கட்டணத்தில் கிடைக்கும் பங்கு வியாபாரத்துக்கேற்ப ஏறி இறங்கும். அடிப்படை ஊதியமோ நிலையானது. வைப்பு நிதிக்கும் பணிக்கொடைக்கும் அதுவே ஆதாரம். அதை உயர்த்தினால் அனுபவமிக்க சமையற்காரர் எளிதில் விலகமாட்டார். அந்த லாபம் உரிமையாளருக்கே.