உடம்புச் சூட்டில் காயும் சட்டை

வத்தலக்குண்டுப் பேருந்து நிலையத்தில் நின்று மேற்கே பாருங்கள். பழனிமலைத் தொடர் சுவர்போல நிற்கும். காட்ரோடு தாண்டிப் பேருந்து ஏறத் தொடங்கியதும் காது அடைக்கும். ஊத்து வருவதற்குள் ஜன்னலை மூடச் சொல்லிக் குரல்கள் எழும். பெருமாள்மலையில் ஸ்வெட்டர்கள் வெளியே வரும்.

"மலை சூரியனுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, ஏன் சார் குளிர்கிறது?" என்று வகுப்பில் ஆண்டுக்கு ஒருவராவது கேட்பதுண்டு. சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நாம் ஏறுவது இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. அது கணக்கிலேயே சேராது. காற்று மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறைந்து விரிவடைகிறது. விரியும் காற்று குளிர்கிறது. ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செ. குறையும். நம் ஊர் கடல் மட்டத்துக்குமேல் 300 மீட்டர் அளவில் இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ஆகவே இங்கே 34 டிகிரி என்றால் அங்கே 22 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

மலை என்றாலே சிலருக்கு மூச்சுத் திணறும் என்ற பயம் உண்டு. கொடைக்கானலில் காற்றழுத்தம் பாதரச அளவில் 590 மில்லிமீட்டர் போல இருக்கும், இங்கே 735. ஏற்றத்தில் சற்று மேல்மூச்சு வாங்கும். ஆரோக்கியமானவர் அஞ்ச வேண்டியதில்லை. பேருந்தில் வரும் வாந்திக்குக் காரணம் கொண்டை ஊசி வளைவுகள், காற்று அல்ல. அஞ்ச வேண்டியது வேறொன்று. அதை நான் தெரிந்துகொண்ட விதம் பெருமைக்குரியதல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதத்தில் மாணவர்கள் பன்னிரண்டு பேருடன் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிப் பாதையில் இறங்கினேன். மோட்டார் சாலை வருவதற்கு முன்பு பெரியகுளம் பக்கத்திலிருந்து மக்கள் நடந்தும் குதிரையிலும் பல்லக்கிலும் மலையேறிய பகுதி இது. திரும்பி ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. மேலே தேநீர்க் கடையை அடைந்தபோது எல்லோரும் தொப்பலாக நனைந்திருந்தோம். மாற்றுத் துணி கேட்டவர்களிடம், "உடம்புச் சூட்டிலேயே காய்ந்துவிடும்" என்றேன். வத்தலக்குண்டில் எல்லோரும் சொல்வதுதான். கால் மணி நேரத்தில் ஒரு மாணவருக்கு நடுக்கம் எடுத்தது. பேச்சு குழறியது. சட்டைப் பித்தானைக் கழற்ற அவர் விரல்கள் ஒத்துழைக்கவில்லை.

நான் சொன்னதில் பிழையில்லை. உடம்புச் சூட்டில்தான் காயும். ஆனால் அது எவ்வளவு சூடு? பனியனும் சட்டையுமாக 200 கிராம் நீரை உறிஞ்சியிருந்தால், ஒரு கிராம் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். மொத்தம் 116 கிலோ கலோரி. சும்மா உட்கார்ந்திருக்கும் 60 கிலோ மனிதரின் உடல் ஒரு மணி நேரத்தில் உண்டாக்கும் வெப்பம் 70 கிலோ கலோரி அளவே. உடம்பு முழுவதையும் ஒரு டிகிரி குளிர்விக்க 50 கிலோ கலோரியை எடுத்தால் போதும். அந்த நீர் முழுவதும் உடம்பிலிருந்தே வெப்பத்தைப் பறித்து, உடம்பு அதை ஈடு செய்யாவிட்டால், இரண்டு டிகிரிக்குமேல் இறங்கிவிடும்! உடலின் உட்பகுதி 37லிருந்து 35 டிகிரிக்குக் கீழே போனால் அதை மருத்துவர்கள் ஆபத்து நிலை என்பார்கள். கீழே இந்த ஆபத்து இல்லை. 34 டிகிரிக் காற்று தானே வெப்பத்தைத் தந்து சட்டையைக் காயவைக்கிறது.

ஏறும்வரை அந்த மாணவருக்குக் குளிர் தெரியாததற்கும் கணக்கு உண்டு. 60 கிலோ உடம்பை 500 மீட்டர் தூக்க 70 கிலோ கலோரி வேலை. தசைகள் அதைப்போல் நான்கு மடங்கு செலவழிக்கின்றன. மீதி 210 கிலோ கலோரியும் வெப்பம். நடக்கும்வரை உள்ளே அடுப்பு எரிகிறது. உட்கார்ந்ததும் அடுப்பு தணிகிறது. ஆவியாதல் தணிவதில்லை, மலைக்காற்று அதை விரைவுபடுத்துகிறது.

ஈரத்தைக் களைந்து, துண்டால் துடைத்து, கடைக்காரர் தந்த கம்பளியைப் போர்த்தி, சர்க்கரை அதிகமாகப் போட்ட தேநீரைச் சிறுகச் சிறுகக் கொடுத்தோம். அரைமணியில் தேறினார். ஈரப் பனியனுக்குமேல் ஸ்வெட்டர் போட்டால் பயன் மிகக் குறைவு, ஈரம் போகவேண்டும். குளிருக்கு மது நல்லதென்று சொல்வாரை நம்பாதீர்கள். அது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்து, சூடாக இருப்பதுபோல் காட்டி, வெப்பத்தை வெளியேற்றிவிடும்.

மாற்றுச் சட்டையையும் பனியனையும் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துச் செல்லுங்கள். மேலே சேர்ந்ததும், குளிர் தெரிவதற்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். வனத்துறையின் அனுமதி இன்றிக் காட்டுப் பாதையில் இறங்காதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் 20 பேருக்குமேல் இறந்தார்கள். அது வெயில் காலத்து ஆபத்து. நான் சொல்வது மழைக்காலத்தது.

அன்று மாலை ஊத்து வருவதற்குள் அந்த மாணவர் தூங்கிவிட்டார். வத்தலக்குண்டில் இறங்கும்போது, "புழுங்குது சார்" என்று ஸ்வெட்டரைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.