கணக்குக்குள் ஓடும் டீசல் எஞ்சின்

சுமை ஏற்றிய லாரி மேட்டில் ஏறுகிறது. டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்ததும் குப்பென்று கரும்புகை. டீசல் உடனே சிலிண்டருக்குள் போய்விட்டது. அதை முழுதாக எரிக்கும் காற்று வந்து சேரவில்லை. காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ, வெளியேறும் புகையின் விசையில்தான் சுழல்கிறது. அது வேகம் பிடிக்கச் சற்று நேரமாகும்.

இன்றைய எஞ்சினில் இதைச் சமாளிப்பது ஒரு சிறு கணினி. டீசலின் அளவைத் தீர்மானிப்பதும், வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விடும் வால்வைத் திறப்பதும், டர்போவுக்குள் புகை நுழையும் வழியிலுள்ள தகடுகளைத் திருப்புவதும் அதன் வேலை. புகையைத் திரும்ப விட்டால் எரியும் வெப்பம் தணிந்து நைட்ரஜன் ஆக்சைடு குறையும். அளவு மிஞ்சினால் கரித்துகள் கூடும்.

கணினிக்கு இதைச் சொல்லித்தருவதற்கு முன், எஞ்சினைச் சமன்பாடுகளாக எழுதிப் பார்க்கிறார்கள். அதுவே மாதிரி. எதை எழுதுவது, எதை விடுவது என்பதில்தான் திறமை இருக்கிறது. நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சுழற்சி, அதாவது இரண்டு சுற்று, 80 மில்லி விநாடியில் முடிந்துவிடும். ஒவ்வொரு வெடிப்பையும் தொடராமல், பல சுழற்சிகளின் சராசரியை மட்டும் கணக்கிட்டால் போதும்.

சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஹான் வால்ஸ்ட்ரோம், லார்ஸ் எரிக்சன் இருவரும் 2011இல் வெளியிட்ட மாதிரியில் எட்டே மாறிகள்: காற்று உள்ளே வரும் குழாயிலும் புகை வெளியேறும் குழாயிலும் உள்ள அழுத்தங்கள், அவ்விரண்டிலும் ஆக்சிஜன் பங்கு, டர்போவின் வேகம், வால்வும் தகடுகளும் நகரும் தாமதத்துக்கு மூன்று. வெப்பநிலை மாறிகளையும், உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் அழுத்த இழப்பையும் சேர்த்துப் பார்த்தார்கள், தரம் உயரவில்லை.

ஆனால் விடவே கூடாத ஒன்று உண்டு. தகடுகளை மூடினால் டர்போ வேகமெடுத்துக் காற்று கூட வேண்டும். நடப்பதோ வேறு. முதலில் புகைக்குழாயில் அழுத்தம் ஏறி, புகை வால்வு வழியாக அதிகமாக உள்ளே பாய்கிறது. புதுக் காற்று குறைகிறது. டர்போ வேகம் பிடித்த பிறகே காற்று கூடுகிறது. சில நிலைகளில் கடைசிவரை குறைந்தே இருப்பதும் உண்டு. இது தெரியாத கணினி, தான் செய்தது தவறென்று எண்ணித் தகடுகளைத் திறக்கும், மறுபடி மூடும், எஞ்சின் தடுமாறும்.

ஆகவே மாதிரியை எடைபோடும்போது அதில் எத்தனை சமன்பாடுகள் என்று எண்ண வேண்டாம். எஞ்சின் எந்தப் பக்கம் நகரும், எவ்வளவு தாமதித்து நகரும் என்று சரியாகச் சொல்கிறதா என்று பாருங்கள். சொன்னால், அதுவே துல்லியமான மாதிரி.