தூங்கும்போது சார்ஜ் வேண்டாம்

1980இல் டி.வி.எஸ். 50 மொபெட் உருளத் தொடங்கிய ஊர் ஓசூர். இன்று அதே ஓசூரிலும், மாவட்டத்தின் மறுபக்கம் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகி நாடு முழுவதும் போகின்றன. அவற்றைப் பூட்டி முடிக்கும் தொழிலாளர்களே அவற்றை ஓட்டவும் செய்கிறார்கள். பெட்ரோல் கேனைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்க நமக்கு மனம் வராது. ஆனால் ஸ்கூட்டர் பேட்டரி, பவர் பேங்க், செல்போன் எல்லாவற்றையும் தலைமாட்டில் சார்ஜ் போட்டுவிட்டு நிம்மதியாகக் கண்ணயர்கிறோம். அந்தப் பழக்கத்தை மாற்றச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

வேலூரில் நடந்தது

2022 மார்ச் மாத இறுதியில் வேலூர் சின்ன அல்லாபுரத்தில் ஒரு வீட்டில் புதிதாக வாங்கிய மின்சார ஸ்கூட்டருக்கு இரவில் சார்ஜ் போட்டிருந்தார்கள். வீட்டார் தூங்கிய நேரத்தில் தீப்பிடித்தது. தந்தையும் பள்ளியில் படிக்கும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்துபோனார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 12ஆம் தேதி செகந்திராபாத்தில் ஒரு கட்டடத்தின் கீழ்ப்பகுதியில் இருந்த மின்சார ஸ்கூட்டர் ஷோரூமில் தீப்பற்றியது. மேலே இருந்த லாட்ஜுக்குள் புகை ஏறி, தங்கியிருந்தவர்களில் 8 பேர் உயிரிழந்தார்கள்.

இரண்டு இடத்திலும் நெருப்பை முந்திக்கொண்டு வந்தது புகை. தூங்குகிறவருக்குப் புகையின் வாசனை தெரியாது. கண் விழிக்கும்போது வெளியேறும் வழியும் அடைபட்டிருக்கும்.

பேட்டரிக்குள் என்ன நடக்கிறது?

ஸ்கூட்டரிலும் பவர் பேங்கிலும் இருப்பது லித்தியம் அயான் செல். நேர்முனையையும் எதிர்முனையையும் பிரித்து வைப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். அதைச் சுற்றி இருப்பது எளிதில் தீப்பற்றும் திரவம். அதிகச் சார்ஜ், அடி, தண்ணீர், சூடு, தயாரிப்புக் குறை, இவற்றில் ஏதாவது ஒன்றால் படலம் கிழிந்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிவிடும். அந்தச் சூடு ரசாயன மாற்றத்தைத் தூண்டும். மாற்றம் இன்னும் சூட்டைக் கிளப்பும். ஒரு செல் வெடித்தால் பக்கத்துச் செல்லும் பற்றிக்கொள்ளும்.

பெரும்பாலான செல்லுக்கு உச்ச வோல்டேஜ் 4.2. அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது சார்ஜரும், பி.எம்.எஸ். என்று மெக்கானிக்குகள் சொல்லும் காவல் சர்க்யூட்டும்தான். வேறு வண்டியின் சார்ஜரையோ, விலை குறைவு என்று கிடைத்த சார்ஜரையோ மாட்டும்போது அந்தக் காவலைத்தான் கைவிடுகிறோம்.

2022இல் நடந்த விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என்று இரண்டு கட்டமாக அவை நடைமுறைக்கு வந்தன. புது வண்டிகளுக்கு அது நல்ல அரண். ஆனால் வீட்டு ப்ளக் பாயிண்ட்டையும், பழைய பேட்டரியையும், நம் பழக்கத்தையும் எந்த விதியும் வந்து சரிபார்க்காது.

ஷிப்ட் ஊருக்கு ஒரு விதி

"ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடாதீர்கள்" என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. ஓசூருக்கு அது போதாது. சிப்காட் தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் முடித்தவர் காலையில் அறைக்கு வருகிறார். பேட்டரியைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து ப்ளக்கில் மாட்டுகிறார். ஜன்னலைச் சாத்தி, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுக்கிறார். கடிகாரத்தில் காலை, அவருக்கோ நள்ளிரவு. அறையில் இருப்பது ஒரே கதவு, பேட்டரி இருப்பதும் அந்தக் கதவோரம்தான்.

ஆகவே நம் ஊருக்கான விதி இது: சார்ஜ் ஏறும்போது வீட்டில் ஒருவராவது விழித்திருக்க வேண்டும். நான்கு பேர் ஓர் அறையில் தங்கினால் ஷிப்ட் மாறும் நேரத்தைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

இடமும் முக்கியம். வாசற்படி, மாடிப்படிக்கு அடியில், கேஸ் சிலிண்டர் அருகே, மெத்தை மேல், துணிக் குவியல் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். காற்றோட்டமான, மழையும் வெயிலும் படாத திண்ணையோ ஷெட்டோ நல்லது. தீப்பிடித்தாலும் நாம் வெளியே போகும் வழியை மறிக்காத இடமாக அது இருக்கட்டும்.

தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள்

சார்ஜ் ஏறத் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து ப்ளக்கின் மேல்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றாலோ, சாக்கெட்டைச் சுற்றிப் பழுப்பு நிறம் படிந்திருந்தாலோ உள்ளே கம்பி தளர்ந்திருக்கலாம். அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

* நிறுவனம் கொடுத்த சார்ஜரை மட்டும், நிறுவனம் சொன்ன ப்ளக் பாயிண்ட்டில் மாட்டுங்கள். எர்த் இணைப்பு கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம்.
* வண்டி ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல், பேட்டரியை ஆறவிடுங்கள்.
* உப்பிய, கீழே விழுந்து அடிபட்ட, தண்ணீரில் நனைந்த, இனிப்பு கலந்த ரசாயன வாடை வரும் பேட்டரியை மறுபடி சார்ஜில் போடாதீர்கள். சர்வீஸ் சென்டருக்குத் தகவல் சொல்லுங்கள்.
* பவர் பேங்க் வாங்கும்போது பி.ஐ.எஸ். முத்திரையும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம்.
* பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது.

வேப்: சட்டத்துக்கும் உடலுக்கும் ஆகாதது

இதே வகை செல்லில் இயங்கும் வேப் எனும் இ-சிகரெட்டைக் கர்நாடகம் 2016இலும், தமிழ்நாடு 2018இலும் தடை செய்தன. 2019இல் நாடு முழுவதும் சட்டம் வந்தது. எல்லையில் உள்ள ஜூஜூவாடியைத் தாண்டிக் கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்குப் போனாலும் சட்டம் ஒன்றுதான். விற்றால் முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இருந்தும் சில இளைஞர்கள் கைகளில் அது இருக்கிறது. பெற்றோருக்குப் பார்த்தால் பென் டிரைவ் மாதிரிதான் தெரியும். திருட்டுத்தனமாக வருவதால் அதற்குள் என்ன செல், என்ன காவல் சர்க்யூட் என்று கேட்க வழியில்லை. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை திரட்டிய கணக்கில் 195 வேப் தீவிபத்துகளும் வெடிப்புகளும் உண்டு. சார்ஜ் ஏறும்போது, சட்டைப்பையில் இருக்கும்போது, வாயில் வைத்திருக்கும்போது நடந்தவையே அவற்றில் பெரும்பாலானவை. பிள்ளையின் தலையணைக்கடியில் அது சார்ஜ் ஏறுவதைப் பார்த்தால் முதலில் கழற்றுங்கள், திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். நிக்கோட்டின் பழக்கத்தை விட 1800 112 356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

தீப்பிடித்துவிட்டால்

பேட்டரியிலிருந்து சீறும் சத்தமோ வெண்புகையோ வந்தால் தூக்கி வெளியே எறிய முயலாதீர்கள், கையிலேயே வெடிக்கலாம். எல்லோரையும் எழுப்பி வெளியேற்றுங்கள், அறைக் கதவைச் சாத்துங்கள். வழியிலேயே இருந்தால் மட்டும் மெயின் சுவிட்சை அணையுங்கள். 101 அல்லது 112க்கு அழைத்து, "பேட்டரி தீ" என்று சொல்லுங்கள். புகை வழியாக வெளியேற வேண்டியிருந்தால் குனிந்து தவழ்ந்து செல்லுங்கள். அணைந்த பேட்டரி பல மணி நேரம் கழித்தும் மீண்டும் பற்றலாம். அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

தீக்காயத்தின் மேல் 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீர் விழட்டும். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் தடவாதீர்கள். புகையைச் சுவாசித்தவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் 108இல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். பேட்டரிப் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் உண்டு. நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் தாமதமாகத் தெரியலாம்.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மூக்கண்டப்பள்ளி, சின்ன எலசகிரி, பாகலூர் ரோடு பக்கம் லைன் வீடுகளும் விடுதிகளும் நடத்துகிறவர்களே, வெளிப்பக்கம் ஒரு தகர ஷெட், அதில் எர்த்தும், கோளாறு என்றால் தானே அணையும் எம்.சி.பி. சுவிட்சும் உள்ள நான்கு ப்ளக் பாயிண்ட், தனி மீட்டர், இவ்வளவுதான் தேவை. கரண்ட் காசை வாடகையோடு வாங்கிக்கொள்ளுங்கள். இடம் இல்லாததால்தான் குடியிருப்போர் பேட்டரியை அறைக்குள் தூக்கி வருகிறார்கள். வெளியே ஓர் இடம் கொடுத்துவிட்டால், நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர் பயமில்லாமல் தூங்குவார்.