இணையக் கடையில் தேடுமுறைச் சோதனை

உழவுக் கருவிகளையும் விதைகளையும் இணையவழி விற்கும் கடையொன்றில் ஒருவர் 'மம்பட்டி' என்று எழுதித் தேடுகின்றார் எனக் கொள்வோம். கடையின் பட்டியலில் அக்கருவி 'மண்வெட்டி' என்ற பெயரால் மட்டும் பதிவாகியுள்ளது. இரண்டும் ஒன்றே என்பது கணிப்பொறிக்கு அறிவிக்கப்படாவிடின் விடை ஏதும் வாராது. அவர் வேறு கடையை நாடிச் செல்வார். விற்பனைக் கணக்கிலோ அவரைப் பற்றிய குறிப்பு எதுவும் இராது.

இக்குறையைப் போக்கும் வழிகள் பல உள. ஒருபொருட் சொற்களை இணைத்து வைக்கலாம். எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளச் செய்யலாம். விளக்கவுரையைவிடப் பொருளின் பெயருக்கு மிகுந்த மதிப்பளிக்கலாம். ஆயினும் ஒவ்வொன்றிலும் நன்மையோடு தீங்கும் கலந்துள்ளது. பிழை பொறுக்கும் அமைப்பு 'உழுந்து' என்று எழுதியவருக்கு உளுந்தைக் காட்டி உதவும். அதுவே 'அவரை' கேட்டவருக்கு ஓரெழுத்தே வேறுபடும் துவரையையும் காட்டிவிடும்.

ஆதலின் இரண்டு அளவுகள் வேண்டப்படுகின்றன. கடையில் பொருத்தமான விதைகள் 20 உள்ளன. தேடலில் 30 பொருள்கள் காட்டப்பட்டு, அவற்றுள் 15 மட்டுமே பொருத்தமானவை என்போம். 20இல் 15 கிடைத்தமையால் மீட்பு 75 விழுக்காடு. 30இல் 15 பயன்பட்டமையால் துல்லியம் 50 விழுக்காடு. ஒன்றை உயர்த்த முயலுங்கால் மற்றது தாழ்தலே பெரும்பாலும் இயல்பு.

இவ்வளவுகளைக் கொண்டு தேடுமுறைகளை ஒப்பிடும் வழக்கம் நூலகத் துறையினின்று வந்ததாகும். இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டு விமானவியல் கல்லூரியின் நூலகர் சிரில் கிளெவர்டன் முதலில் 18,000 ஆவணங்களைக் கொண்டு நான்கு அட்டவணை முறைகளை ஒப்பிட்டார். அவற்றுள் ஒன்று நம் நாட்டு எஸ். ஆர். ரங்கநாதனின் கருத்துகளைத் தழுவிய முகப்புப் பகுப்பு முறை. 1966இல் அறிக்கை வெளியான இரண்டாம் சோதனையில் 1,400 ஆவணங்கள் பயன்பட்டன. ஆய்வுரை எழுதியவர்களிடமே வினாக்களும், எவ்வாவணம் எவ்வினாவிற்குப் பொருந்தும் என்ற மதிப்பீடும் பெறப்பட்டன. வல்லுநர் அரிதின் முயன்று அமைத்த சொற்றொகுதிகளைவிட, ஆவணங்களிலுள்ள இயல்பான தனிச்சொற்களே நற்பயன் தந்தன! பலர் இதனை நம்பத் தயங்கினர். எனினும் வினாக்களும் மதிப்பீடும் மாறாது நிற்க, முறையை மட்டும் மாற்றிப் பார்க்கும் இவ்வழி நிலைத்துவிட்டது.

கடைக்காரரும் இவ்வாறே வாடிக்கையாளர் உண்மையில் எழுதிய வினாக்களில் சில நூறு தொகுத்து, விடைகளைத் துறையறிந்தோரைக் கொண்டு மதிப்பிடச் செய்தல் வேண்டும். இதில் தேறிய அமைப்பினையே வாடிக்கையாளர்முன் வைத்துச் சோதித்தல் தகும். அப்பொழுது பழைய அமைப்பை இவ்வாரமும் புதியதை அடுத்த வாரமும் வைத்து ஒப்பிடலாகாது. வாய்க்காலோர வயலில் ஒரு விதையையும் மேட்டு நிலத்தில் மற்றொன்றையும் இட்டு விளைச்சலை ஒப்பிடுவது போன்றதே அது. ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ரொனால்டு ஃபிஷர் வயற்பாத்திகளைச் சீட்டுக் குலுக்கியது போல் பகுக்கச் செய்தமை களப்பணியாளர் அறிந்ததே. அங்ஙனமே ஒரே காலத்தில் வாடிக்கையாளரை இரு பிரிவாக்கி, ஒருவருக்கு இறுதிவரை ஒரே அமைப்பினைக் காட்டல் வேண்டும். சோதனைக்குரிய நாள்களும் முன்னரே குறிக்கப்பட வேண்டும். நாள்தோறும் கணக்கைப் பார்த்து, வேண்டிய முடிவு தோன்றியவுடன் நிறுத்துவோர் தற்செயலான ஏற்றத்தைப் பயனென மயங்குவர்.

சொடுக்குகளின் எண்ணிக்கையும் ஏமாற்றக்கூடியது. முதலில் உள்ளது முதலாவதாக இருப்பதனாலேயே மிகுதியாகச் சொடுக்கப்படுகின்றது. இதனைத் தவிர்க்க, இரு அமைப்புகளின் விடைகளையும் ஒன்றுவிட்டொன்றாகப் பின்னி ஒரே பட்டியலாகக் காட்டி, எதனுடைய விடைகள் மிகுதியாகத் தெரிவு செய்யப்படுகின்றன எனக் காணும் முறையை 2002இல் தார்ஸ்டன் யோவாக்கிம்ஸ் விளக்கினார்.

சிறு கடைகளுக்கு இத்தனைக்கும் வசதி இராது. அவர்கள் விடையின்றி முடிந்த தேடல்களின் பதிவேட்டை வாரந்தோறும் படித்துப் பார்த்தாலே போதும். 'மம்பட்டி' அதில் முதலிலேயே தென்படும்.