மேடுபள்ளமான புற்றரையைச் சீராக்கி மீண்டும் விதையிடல்



வீட்டுப் புற்றரை பற்றி வினா வந்தால் உங்களில் பலர் "பள்ளத்தை மண்ணிட்டு நிரப்பி, விதை தூவி, நீர் ஊற்றவேண்டும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். செயல்கள் சரி. ஆனால் காரணம் எங்கே? காரணம் அறியாமல் நிரப்பிய பள்ளம் அடுத்த மாரியில் மீண்டும் தாழ்ந்துவிடும். காசும் உழைப்பும் வீணாகும். ஆகவே ஒவ்வொரு படிமுறையையும் "ஏன்?" என்ற கேள்வியுடன் படியுங்கள்.

1. மேடுபள்ளம் தோன்றக் காரணங்கள்

* கிடங்கு வெட்டி மூடிய இடத்தில் மண் மெல்லமெல்லப் படிந்து தாழ்தல்.
* தறித்த மரத்தின் அடிக்கட்டையும் வேர்களும் நிலத்தினுள் உக்குதல்.
* பீலி இல்லாத கூரையிலிருந்து விழும் மழைநீர் மண்ணை அரித்தல்.
* ஈரமான தரையில் நடத்தல், சைக்கிள் உருட்டுதல்.
* எறும்பு, கறையான் என்பன மண்ணை மேலே தள்ளுதல்.

முதலில் காரணத்தை நீக்குக. உக்கும் கட்டையைத் தோண்டி எடுக்காமல் மேலே மண்ணிட்டுப் பயனில்லை.

2. மட்டம் பார்த்தல்

நேரான நீண்ட பலகையொன்றைத் தரையில் வைத்தால், அதன் கீழுள்ள இடைவெளி பள்ளத்தின் ஆழத்தைக் காட்டும். சீரான தரை என்பது முற்றிலும் கிடையான தரை அன்று என்பதை நினைவிற் கொள்க. வீட்டுச் சுவரிலிருந்து வெளிநோக்கி, 1 மீற்றருக்கு 1 முதல் 2 சென்ரிமீற்றர் வரை சாய்வு இருத்தல் வேண்டும். இன்றேல் நீர் தேங்கும்; வேர்களுக்கு ஒட்சிசன் கிடையாது; புல் அழுகும்.

3. சீராக்கும் முறை

(அ) ஆழங்குறைந்த பள்ளம்: மேல்மண், மணல், அரித்த கூட்டெரு ஆகியவற்றைக் கலந்து, ஒரு தடவைக்கு 1 சென்ரிமீற்றர் அளவில் மட்டும் பரப்புக. இலைநுனிகள் வெளியே தெரியவேண்டும். புல் மேலே வளர்ந்தபின் அடுத்த படையை இடுக. ஒரேயடியாக மூடினால் இலைகளுக்கு ஒளி கிடைக்காது, ஒளித்தொகுப்பு நின்று புல் இறக்கும்.

(ஆ) ஆழமான பள்ளம்: புல்லை வேருடனும் மண்ணுடனும் 5 சென்ரிமீற்றர் தடிப்பில் வெட்டி, பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டுக. அடியில் மண்ணிட்டு மெல்ல மிதித்து, புல்லை மீண்டும் விரித்து நீரூற்றுக. மண் படிந்து தாழும் என்பதால் சற்று உயர்த்தியே நிரப்புக.

(இ) மேடு: இவ்வாறே புல்லை அகற்றி, மிகையான மண்ணை எடுத்தபின் புல்லைப் பதிக்குக. பாரமான உருளையால் மேட்டை நசுக்குதல் தவறு. மண் இறுகி, காற்றிடைவெளிகள் குறைந்துவிடும்.

4. மீண்டும் விதையிடல்

வெறுமையான இடங்களில் மேல்மண்ணை 5 சென்ரிமீற்றர் ஆழம் வரை கொத்தி, கல், களைகளை அகற்றி, இறேக்கினால் மட்டப்படுத்துக. வெயில் படும் இடத்துக்கு அறுகம்புல் ஏற்றது. மாமர நிழலில் அது செழிக்காது. அங்கு நிழலைத் தாங்கும் அகன்ற இலைப் புல் இனத்தை நடுக.

சிறிய விதைகளை உலர்ந்த மணலுடன் கலந்து, பாதியை நீளப்பாட்டுக்கும் மீதியைக் குறுக்குப்பாட்டுக்கும் தூவினால் பரம்பல் சீராகும். 5 மில்லிமீற்றருக்கு மேல் மண் மூடலாகாது. விதையில் சேமிப்புணவு குறைவாதலால், ஆழத்திலிருந்து நாற்று வெளிவர இயலாது.

விதை கிடைக்காவிடின், 2 அல்லது 3 கணுக்கள் கொண்ட தண்டுத் துண்டுகளை 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் நடலாம். வடக்கு, கிழக்கில் முதல் மழையுடன் தொடங்குவது நன்று. கடும் மழையில் விதை அள்ளுண்டு போகும்.

5. பராமரிப்பு

முளைக்கும் வரை பூவாளியால் மென்மையாக நீரூற்றி மண்ணை ஈரமாக வைத்திருக்க வேண்டும். அறுகம்புல் 1 முதல் 3 வாரங்களில் முளைக்கும். அதுவரை அவ்விடத்தில் நடமாடலாகாது. புல் 6 சென்ரிமீற்றர் உயர்ந்ததும் முதன்முறை வெட்டலாம். உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது.

6. கணிப்புப் பயிற்சி

20 சதுரமீற்றர் பரப்பில் 1 சென்ரிமீற்றர் தடிப்புக்கு வேண்டிய மண்கலவை:
20 × 0.01 = 0.2 கனமீற்றர் = 200 லீற்றர்
அதாவது 10 லீற்றர் வாளியால் 20 வாளிகள்.

சதுரமீற்றருக்கு 8 கிராம் வீதம் வேண்டிய விதை:
20 × 8 = 160 கிராம்.

மாதிரி வினா: புற்றரையின் பள்ளத்தை ஒரே தடவையில் 4 சென்ரிமீற்றர் மண்ணால் மூடிய ஒருவரின் புல் மஞ்சளாகி இறந்தது. காரணத்தையும், அவர் செய்திருக்க வேண்டியதையும் எழுதுக.

விடையைப் பகுதி 3 இல் தேடி, உங்கள் சொந்த வசனத்தில் எழுதிப் பாருங்கள். உங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு பலகையை வைத்தும் பாருங்கள். கையால் செய்து பார்த்தது பரீட்சை மண்டபத்தில் மறக்காது.