பதினைந்து நிமிடமும் பதிவேட்டின் ஓரமும்

புதுச்சேரிக்காரர்களுக்குத் தங்கள் குடியுரிமையைத் திருத்திக்கொள்ள ஒருமுறை ஆறு மாதம் கிடைத்தது. பிரான்சும் இந்தியாவும் 1956 மே 28 அன்று டெல்லியில் கையெழுத்திட்ட ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்று முதல் இந்தியக் குடிமக்கள். பிரெஞ்சுக் குடிமகனாகவே நீடிக்க விரும்புகிறவர் ஆறு மாதத்துக்குள் அதை எழுதிக்கொடுக்க வேண்டும். 1963 பிப்ரவரி நடுவில் கெடு முடிந்தது. சில ஆயிரம் பேர் எழுதிக்கொடுத்தார்கள். அண்ணன் எழுதிக்கொடுத்து, தம்பி கொடுக்காமல் விட்டு, அதனாலேயே இரண்டு நாட்டுக் கிளைகளாகப் பிரிந்த குடும்பங்கள் ஊரில் உண்டு.

அதற்கு 81 ஆண்டுகளுக்கு முன்பு அந்த ஆறு மாதமும் இல்லை. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, தன் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர விரும்பிய இந்தியர் ஒரு குடும்பப் பெயரைச் சூடிக்கொண்டு கையெழுத்திட்டார். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லபோர்த்’ ஆனது அப்படித்தான். அந்தத் துறப்பு இறுதியானது, திரும்பப் பெற முடியாதது என்று ஆணையே சொல்லிவிட்டது. கையெழுத்து மனைவியையும் வயது வராத பிள்ளைகளையும் சேர்த்தே கட்டியது.

எழுதியதை மாற்றவே முடியாது என்பது ஒரு கோடி. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பது மறு கோடி. இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்ற கேள்வி இன்று நம் எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைத் திருத்த 15 நிமிடம்; 2023 மே மாதம் வந்த வசதி. சிக்னலில் 24 மணி நேரம். டெலிகிராம் உரையாடல்களில் 48 மணி நேரம். வாட்ஸ்அப்பில் எல்லோர் திரையிலிருந்தும் செய்தியை அழிக்கும் வசதி 2017இல் வந்தபோது கெடு ஏழே நிமிடம். இப்போது இரண்டு நாளுக்கும் மேல். ஒரே நிறுவனம், ஒரே வசதி, ஐந்தே ஆண்டில் இவ்வளவு வேறுபாடு. இந்த எண்களில் எதையும் இயற்கை விதி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கெடு என்ற ஒன்று ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு உறுதியான காரணங்கள் உண்டு.

முதல் காரணம் நம் கண். நாமே எழுதியதைப் படிக்கும்போது மூளை எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை; என்ன எழுத நினைத்தோம் என்பது அதற்கு முன்பே தெரியும், அதைத்தான் திரையில் பார்க்கிறது. அனுப்பியபின் வேறு வடிவத்தில், அடுத்தவர் பார்க்கும் இடத்தில் கிடக்கும்போதுதான் விட்டுப்போன எழுத்து உறுத்துகிறது. இதற்குச் சில நிமிடங்கள் போதும்.

இரண்டாவது காரணம்தான் பெரியது. அடுக்ககக் குழுவில் ஒருவர் எழுதுகிறார்: “தண்ணீர்த் தொட்டி பழுதுக்கு வீட்டுக்கு 500 ரூபாய் தரலாமா?” பத்துப் பேர் ‘சரி’ என்கிறார்கள். பிறகு அந்த 500 மட்டும் 5,000 ஆகிறது. பத்து ‘சரி’யும் அப்படியே கீழே நிற்கின்றன. சொல்லாத ஒன்றுக்குச் சம்மதம் சொன்னவர்கள் ஆகிவிட்டார்கள் அந்தப் பத்துப் பேரும். திருத்தம் எழுதியவருடைய சொந்த விஷயம்போலத் தெரிந்தாலும், பதில் வந்த நொடியிலிருந்து அந்த வாக்கியத்தில் பதில் சொன்னவருக்கும் பங்கு உண்டு.

இதைக் கணினி எப்படிக் கையாள்கிறது? வாட்ஸ்அப் செய்தி இரு முனைகளுக்கிடையே பூட்டி அனுப்பப்படுவது. போய்ச் சேர்ந்ததும் நிறுவனத்தின் சர்வரில் அது தங்குவதில்லை. ஆகவே திருத்துவது என்றால் எங்கோ இருக்கும் ஒரு மூலப்பிரதியைத் திருத்துவது அல்ல. “இன்ன அடையாள எண்ணுள்ள செய்திக்குப் பதிலாக இதைக் காட்டு” என்று இன்னொரு செய்தி ஒவ்வொரு போனுக்கும் போகிறது. ஒரு போன் அணைந்து கிடக்கும், இன்னொன்றில் சிக்னல் இருக்காது. அறிவிப்பிலேயே படித்து முடித்தவரின் மனத்திலிருந்து பழைய வாக்கியத்தை எடுக்க எந்தச் செயலியாலும் ஆகாது.

கெடு வைத்தால் கடிகாரம் வேண்டும். யாருடைய கடிகாரம்? போனின் நேரத்தை அவரவர் இஷ்டத்துக்கு நகர்த்தலாம். பல கணினிகள் சேர்ந்து இயங்கும் இடத்தில் ‘எது முந்தி, எது பிந்தி’ என்பதே கடினமான கேள்வி என்று 1978இல் கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் காட்டினார். அவர் தந்த வழி மிக எளியது: மணி பார்க்காதே, எண்ணிக்கை வைத்துக்கொள். ஒவ்வொரு கருவியும் ஒரு எண்ணைக் கூட்டிக்கொண்டே போகும். செய்தியோடு அந்த எண்ணும் பயணப்படும். பெறுகிற கருவி தன் எண்ணை அதற்கும் மேலே உயர்த்திக்கொள்ளும். அப்போது ஒரு செய்தியைப் பார்த்தபின் எழுதிய பதிலுக்கு அந்தச் செய்தியைவிடப் பெரிய எண்தான் வரும். ஆனால் நான் திருத்தும் அதே வேளையில், திருத்தத்தைக் காணாமலே நீங்கள் பதில் எழுதினால்? அந்த இரண்டில் எது முதல் என்பதற்கு இயல்பான விடையே கிடையாது. லாம்போர்ட்டின் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அப்படியானால் மணிக்கணக்கு வைத்துச் சிக்கலை அடக்க முடியாது, குறைக்கத்தான் முடியும். இங்கேதான் புதுச்சேரியின் பழைய பதிவேடுகளைப் பார்க்கச் சொல்கிறேன். 1819 ஜனவரி 6 ஆணையால் பிரெஞ்சுச் சட்டத்தொகுப்புகள் இங்கே நடைமுறைக்கு வந்தன. 1880இல் வந்த ஆணை இந்தியர்களின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளையும் ‘எத்தா சிவில்’ என்னும் பிரெஞ்சுக் குடிமைப் பதிவு முறைக்குள் கொண்டுவந்தது. அந்த முறையின் வேர் 1804ஆம் ஆண்டின் சிவில் சட்டம். பதிவுகளை இடைவெளி விடாமல் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வேண்டும். பிறகு எதையும் நுழைக்க இடம் இருக்கக் கூடாது. சுருக்கெழுத்து கூடாது. தேதியை எண்ணால் எழுதக் கூடாது, சொல்லால் எழுத வேண்டும். 1ஐ 7 ஆக்குவது ஒரு கீற்று வேலை, ‘ஒன்று’ என்பதை ‘ஏழு’ ஆக்குவது அப்படியல்ல. அடித்தல் திருத்தல் இருந்தால் அதற்கும் கையெழுத்து. ஆண்டு முடிந்ததும் ஏட்டை மூடி, ஒரு பிரதி நகராட்சிக்கு, ஒரு பிரதி நீதிமன்றத்துக்கு. குடியேற்றப் பகுதிகளின் பதிவுகளுக்கு இன்னொரு பிரதியைப் பிரான்சுக்கு அனுப்பும் வழக்கம் 1776 ஜூன் மாத அரசாணையிலிருந்தே இருந்தது. அந்தப் பிரதிகள் இன்று பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கட்டடத்தை நம்பி ஆவணத்தை விட முடியாது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ‘மேரி’ எனப்படும் நகராட்சிக் கட்டடமே 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்து, 2021இல்தான் புதிதாக எழுந்தது.

ஏடு மூடியபின் பிழை தெரிந்தால்? வழி இருந்தது. நீதிமன்றத் தீர்ப்பு பெற்று வந்தால் பதிவின் ஓரத்தில் குறிப்பு எழுதுவார்கள். பழைய எழுத்தைத் தொட மாட்டார்கள். இந்தியாவின் 1969ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவும் இதையே சொல்கிறது: மூலப்பதிவை மாற்றாமல் ஓரத்தில் திருத்தி, கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். பிரிட்டிஷ் மரபில் வந்த சட்டமும் பிரெஞ்சு மரபில் வந்த சட்டமும் ஒரே ஓரத்தில் வந்து நிற்கின்றன. அந்தப் பிரிவில் திருத்தத்துக்குக் கெடு இல்லை. பழையதும் கண்முன் இருக்கும்போது கெடுவுக்குத் தேவை இல்லை.

கணினி உலகமும் இந்த ஓரத்தைத் தானே கண்டுபிடித்தது. 1991இல் ஸ்டுவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்ற இரு ஆய்வாளர்கள், மின் ஆவணத்தைப் பின்தேதியிட்டு மாற்ற முடியாதபடி செய்யும் முறையை வெளியிட்டார்கள். ஆவணத்திலிருந்து ஹேஷ் என்னும் ஒரு குறுகிய குறியீடு கணக்கிடப்படும்; உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் குறியீடு முழுக்க மாறும். ஒவ்வொன்றும் முந்தையதன் குறியீட்டைச் சுமக்கும் என்பதால் நடுவில் எதையும் செருக முடியாது. இடைவெளி விடாமல் எழுதிய ஏடு இதுதான். 1995 முதல் அவர்களது நிறுவனம் வாராவாரம் ஒரு குறியீட்டை நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் வரி விளம்பரப் பகுதியில் அச்சிட்டது. ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போய்விட்ட தாளை யார் திருத்த முடியும்? பிற்பாடு பிட்காயின் எழுந்ததும் இந்த அடித்தளத்தின் மேல்தான்.

சிக்னல், ‘திருத்தப்பட்டது’ என்ற குறியைத் தொட்டால் பழைய வடிவங்களைக் காட்டுகிறது. விக்கிப்பீடியா ஒவ்வொரு கட்டுரையின் முழு வரலாற்றையும் வைத்திருக்கிறது. வாட்ஸ்அப் திருத்த வசதியை அறிமுகப்படுத்தியபோது ‘திருத்தப்பட்டது’ என்ற சொல்லை மட்டும் காட்டியது, என்ன இருந்தது என்பதைக் காட்டவில்லை. இது பாதி நேர்மை. பழையதைக் காட்டிவிட்டால் 15 நிமிடம் என்ன, 15 ஆண்டு கழித்தும் திருத்த விடலாம். யாருக்கும் அநியாயம் நடக்காது. ஆபாசமும் அடுத்தவர் அந்தரங்கமும் முழுவதும் அழிய வேண்டியவை. அவற்றுக்கு விலக்கு வேண்டும். மற்றபடி வரலாறு தெரியும் திருத்தமே நியாயமானது என்பது என் முடிவு.

செயலிகள் அதைச் செய்யும்வரை நாமே செய்யலாம். பதில் வந்துவிட்ட செய்தியைச் சத்தமில்லாமல் மாற்றாதீர்கள். அதற்குக் கீழே ‘திருத்தம்’ என்று தொடங்கி, முதலில் என்ன எழுதியிருந்தீர்கள், இப்போது எது சரி என்று இரண்டையும் எழுதுங்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழில் பிழை இருந்தால், காலம் கடந்துவிட்டது என்று விட்டுவிடாமல் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் 15ஆம் பிரிவின்படி திருத்தம் கேளுங்கள்.