திருச்சபையும் பால்புதுமையினரும்

தன்பாலீர்ப்பாளர், திருநங்கையர், திருநம்பியர் உள்ளிட்ட பால்புதுமையினரைக் கிறித்தவச் சபைகள் எந்த அளவுக்குத் தம் உறுப்பினராக ஏற்கின்றன என்பது இன்று உலகெங்கும் விவாதிக்கப்படும் கேள்வி. மேற்கே கல்வராயன் மலையும் கிழக்கே உளுந்தூர்ப்பேட்டைச் சமவெளியும் கொண்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இக்கேள்விக்குத் தனிப் பொருத்தம் உண்டு. ஆண்டுதோறும் சித்திரையில் திருநங்கையர் பெருந்திரளாகக் கூடும் கூவாகம் கூத்தாண்டவர் கோயில் இம்மாவட்டத்தில்தான் உள்ளது.

வட்டாரச் சபைகள்

இப்பகுதிக் கத்தோலிக்கர் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். சீர்திருத்தச் சபைகளில் பழமையானது டேனிஷ் மிஷன் வழிவந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபை. திருக்கோவிலூரில் உள்ள டேனிஷ் மிஷன் மருத்துவமனை அந்த மிஷனின் பணிகளுள் ஒன்று.

இந்த மிஷனின் தொடக்கமே ‘சபைக்குள் யாருக்கு இடம்’ என்ற சச்சரவில் பிறந்தது. கிறித்தவர்களிடையே சாதி வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்று வாதிட்ட கார்ல் ஓக்ஸ், லைப்சிக் மிஷனிலிருந்து விலகி மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே பணி தொடங்கினார். 1860களில் டேனிஷ் மிஷன் அவரைத் தன் ஊழியராக ஏற்றது.

வேதாகமம் கூறுவது

சேர்ப்பதை எதிர்ப்போர் லேவியராகமம் 18:22, ரோமர் 1:26–27 ஆகிய பகுதிகளைக் காட்டுவர். இவை ஓரினப் பாலுறவைக் கண்டிக்கின்றன. அங்கே கண்டிக்கப்படுவது அக்காலத்து விக்கிரக வழிபாடும் சுரண்டலும் சார்ந்த உறவுகளே என்பது மறுதரப்பின் விளக்கம்.

மற்றொரு வரிசையும் உண்டு. உபாகமம் 23:1 விதையடிக்கப்பட்டவரைச் சபையிலிருந்து விலக்குகிறது. ஏசாயா 56:3–5 அண்ணகருக்குக் கடவுளின் ஆலயத்தில் இடமும் அழியாப் பெயரும் வாக்களிக்கிறது. அப்போஸ்தலர் 8இல், காசாவுக்குப் போகும் வழியில் எத்தியோப்பிய அண்ணகர் ஒருவருக்குப் பிலிப்பு ஞானஸ்நானம் கொடுக்கிறார். தமிழ்ச் சபைகளில் பரவலாக வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு இவரை ‘மந்திரி’ என்று மட்டுமே சொல்கிறது. அதனால் அவர் அண்ணகர் என்பது வாசகர் பலருக்குத் தெரிவதில்லை.

சபைகளின் நிலைப்பாடு

கத்தோலிக்க மறைக்கல்வி ஓரினப் பாலுறவை ஏற்பதில்லை. ஆனால் அந்த ஈர்ப்பு உடையவர்களை மதிப்போடு நடத்த வேண்டும், அநீதியாக ஒதுக்கக் கூடாது என்கிறது. பிறருக்கு உள்ள அதே நிபந்தனைகளில் திருநரும் திருமுழுக்குப் பெறலாம் என்று வத்திக்கான் 2023 நவம்பரில் விளக்கியது. அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று, ஓரின இணையருக்குத் திருமணச் சடங்கு போலத் தோன்றாத எளிய ஆசி வழங்கலாம் என்றது. 2024 ஏப்ரலில் வெளிவந்த ஆவணமோ பாலின மாற்றச் சிகிச்சையைக் குறைகூறியது.

டேனிஷ் மிஷன் தோன்றிய டென்மார்க் நாட்டுத் திருச்சபையில் 2012 முதல் ஓரின இணையர் ஆலயத்தில் மணம் செய்துகொள்ளலாம். மணமுடித்துவைக்க விரும்பாத போதகர் மறுக்கலாம்.

இந்தியச் சபைகளிடையே ஒரே கருத்து இல்லை. இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவு 377ஐக் காக்க உச்ச நீதிமன்றம் சென்றவர்களில் உத்கல் கிறித்தவ அமைப்பும் அப்போஸ்தலத் திருச்சபைகளின் கூட்டமைப்பும் இருந்தன. மறுபுறம், செங்கல்பட்டை அடுத்த நத்தத்தில் திருநங்கை பாரதி இந்திய சுவிசேஷத் திருச்சபையின் போதகராகப் பணியாற்றினார்.

சட்டத்தின் எல்லை

2014 ஏப்ரல் 15 தீர்ப்பு திருநரின் பாலின அடையாளத்தை ஏற்றது. 2018 செப்டம்பர் 6 தீர்ப்பு, வயதுவந்தோரின் இசைவுள்ள ஓரின உறவு குற்றமல்ல என்றது. 2023 அக்டோபர் 17 தீர்ப்பு ஓரினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தது. ஆயினும் ஆண்–பெண் உறவில் உள்ள திருநர் மணக்கலாம் என்றது. ஆகவே இந்தியாவில் ஒரு போதகர் விரும்பினாலும் ஓரின இணையருக்குச் சட்டப்படி செல்லும் திருமணத்தை நடத்த இயலாது.

சபை முடிவு செய்ய வேண்டியவை

‘சேர்த்துக்கொள்ளுதல்’ என்பது பல படிகள் கொண்டது: ஆராதனையில் எந்த வரிசையில் அமர்வது, எந்தப் பெயரில் ஞானஸ்நானம், திருவிருந்து உண்டா, பாடகர் குழுவிலும் சபைத் தேர்தலிலும் இடம் உண்டா, இறந்தபின் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்குமா. திருமணக் கோட்பாட்டை மாற்றாமலே இவற்றில் பலவற்றை ஒரு சபை செய்ய முடியும். வீட்டாரால் விரட்டப்பட்டவருக்கு இதில் கடைசிக் கேள்வியே பெரியது. அடக்கம் செய்ய உரிமையோடு முன்வருவது சபை மட்டுமாக இருக்கலாம்.